இமை கொட்டாத வகுப்பு

அங்கீகாரக் குழுவின் சுற்றறிக்கை வந்த அன்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் அதை ஒருமுறை உட்கார்ந்து படித்தார். பிறகு எழுந்து நின்று படித்தார். நூலகத்தில் எத்தனை நாற்காலி, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்ற வழக்கமான கேள்விகளோடு இந்த ஆண்டு புதிதாக ஓர் அளவுகோல் சேர்ந்திருந்தது. அதற்கு அச்சமற்ற வகுப்பறை என்று பெயர்.

அடித்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்களை உருவாக்குகிற கல்லூரிக்கு இனி அங்கீகாரம் கிடையாது என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. நல்ல முடிவுதான். நல்லவர்கள் சிலர் கூடி உட்கார்ந்து மனதார எடுத்தது. எந்தக் கல்லூரியில் அடி விழுகிறது, எதில் விழவில்லை என்று கண்டுபிடிக்கும் வழியையும் அவர்களே வகுத்துத் தந்திருந்தார்கள். குழுவின் நிபுணர் மாணவருடைய முகத்துக்கு நேரே திடீரென்று கையை ஓங்குவார். அடி வாங்கிப் பழகியவர் இமை கொட்டுவார், பழகாதவர் கொட்டமாட்டார். வகுப்பில் ஓர் இமை கொட்டினாலும் அங்கீகாரம் இல்லை.

கடவுள் மனிதனுக்கு இமையை எதற்காக வைத்தார் என்பதைப் பற்றிச் சுற்றறிக்கை எதுவும் சொல்லவில்லை.

பக்கத்துக் கல்லூரியின் அங்கீகாரம் அடுத்த வாரமே போயிற்று. நிபுணர் கை ஓங்கிய நேரத்தில் ஒரு மாணவியின் கண்ணில் கொசு விழுந்துவிட்டது. அந்தக் கல்லூரி மேல்முறையீடு செய்தது. கொசுவைச் சாட்சியாக ஏற்க வழியில்லை என்று பதில் வந்தது.

முதல்வர் மாணவர்களை அரங்கத்தில் கூட்டினார். ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நம்ம கல்லூரியில பயத்துக்கு இடமில்ல. இதை ஒரு அப்பா ஸ்தானத்துல நின்னு அன்பாச் சொல்றேன். எவனாவது பயந்தா தோலை உரிச்சிடுவேன்."

அரங்கம் கைதட்டியது. தட்டாதவர்களின் பெயரைக் கல்வி உளவியல் பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

பின்வரிசையில் இருந்த அக்காவும் கைதட்டினாள். வகுப்பில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பட்டப்படிப்பு முடித்த கையோடு வந்த சின்னப் பிள்ளைகள். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வருடக்கணக்காகச் சட்டைக் காலர் தைத்துக்கொண்டே தபால் வழியில் பட்டம் வாங்கியவள். பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி இருந்தாள். கணவன் என்று ஒருவனும் இருந்தான். அவன் கையைத் தூக்கினால் அது எங்கே வந்து இறங்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அதனால் தூக்கும்போதே கண்ணை மூடிக்கொள்ளப் பழகியிருந்தாள். ஒருநாள் அந்தக் கை மகள் பக்கம் திரும்பியது. அன்று மாலையே மகளை இழுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்துவிட்டாள். இப்போது ஓர் அச்சகத்தின் மாடியில் ஒற்றை அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தண்ணீர்க் குடம் நடுங்கும். ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. அது நன்றாகவும் விழுந்தது.

அந்த அறைக்கு வாடகை உதவித்தொகையிலிருந்து போயிற்று. ஏழை மாணவர்கள் படிப்பை முடிக்க அரசு தரும் உதவி அது. கல்லூரியின் அங்கீகாரம் புதுப்பிக்கப்படும்வரை அதை நிறுத்திவைத்திருந்தார்கள். இந்த மாதத்துக்குமேல் பொறுக்க முடியாது என்று அச்சகக்காரர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். செய்தி எப்படியோ கணவனுக்கும் எட்டி, அவன் ஒரு காலையில் கல்லூரி வாசலில் வந்து நின்றான்.

"வருவே. வேற எங்க போவே," என்றான். சிரித்தபடியே போனான்.

அதனால் அக்காவுக்கு அங்கீகாரம் வேண்டியிருந்தது. முதல்வரைவிட அவசரமாக வேண்டியிருந்தது.

உதவித்தொகைப் பிரிவில் போய் விசாரித்தாள். எழுத்தர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி விளக்கினார்.

"பாருங்கம்மா. உதவி யாருக்கு? கஷ்டப்படறவங்களுக்கு. கஷ்டப்படறவங்க எப்படி இருப்பாங்க? பயந்துபோய் இருப்பாங்க. பயந்தவங்க இருக்கற கல்லூரிக்கு அங்கீகாரம் இல்ல. அங்கீகாரம் இல்லாத கல்லூரியில படிச்சா உதவி இல்ல. ஒரு குழப்பமும் இல்லாம தெளிவாத்தான் வச்சிருக்காங்க."

"அப்ப யாருக்கு சார் கிடைக்கும்?"

"கஷ்டமே படாத ஏழைங்களுக்கு," என்றார் எழுத்தர். "தேடிக்கிட்டிருக்கோம்."

முழுக் கட்டணம் கட்டிப் படிப்பவர்களுக்கு ஆய்வு நாளன்று கல்விச் சுற்றுலா ஏற்பாடாகியிருந்தது. அவர்களுடைய அப்பாக்கள் தொலைபேசி வைத்திருந்தார்கள், அதில் பேசவும் செய்வார்கள். குழுவின் முன்னால் உட்காரப்போவது உதவித்தொகை மாணவர்கள் மட்டும். ஆகவே பயிற்சியும் அவர்களுக்கு மட்டும்.

பயிற்சியைக் கல்வி உளவியல் பேராசிரியர் ஏற்றுக்கொண்டார். மெலிந்த உடம்பும் தாழ்ந்த குரலும் உள்ளவர். முதல் நாள் ஒரு மரஸ்கேலோடு வகுப்புக்குள் வந்து, கரும்பலகையில் தூண்டல், துலங்கல் என்று இரண்டு சொற்களை எழுதினார். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அவள் கண்ணை மூடினாள்.

"இது அடின்னு நெனச்சுக்காதீங்க," என்றார் வகுப்பைப் பார்த்து. "நான் குடுத்தது தூண்டல். இந்தப் பொண்ணு கண்ணை மூடினது துலங்கல். நமக்குத் தூண்டல் வேணும், துலங்கல் வேணாம். திரும்பத் திரும்பக் குடுத்தா துலங்கல் தானா செத்துப்போகும். பெரிய பெரிய ஆளுங்க நாய வச்சு நிரூபிச்சது."

"நாய் என்ன சார் ஆச்சு?" என்று ஒருவன் கேட்டான்.

அவனுக்கும் தூண்டல் கிடைத்தது.

அதன்பின் கல்லூரியில் தூண்டல் இல்லாத இடமே இல்லாமல் போயிற்று. எதிர்பாராமல் விழுந்தால்தான் பலன் அதிகம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். நூலகர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதே புத்தகத்தால் மூக்கில் அடித்தார். மாடிப்படித் திருப்பங்களில் விரிவுரையாளர்கள் மறைந்து நின்றார்கள். வாசல் காவலாளி ஒவ்வொருவரையும் நிறுத்தி, "எனக்கும் உத்தரவு வந்திருக்கு தம்பி, மனசுல வச்சுக்காதே," என்று சொல்லி அறைந்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவர் கை கனமான கை. ஆனாலும் மாணவர்கள் அந்த வாசல் வழியாகவே வந்தார்கள். மற்ற இடங்களில் தண்ணீர் கிடையாது.

ஒரு மாணவி கற்பித்தல் பயிற்சிக்காக 'அன்பே சிறந்த ஒழுங்கு' என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தாள். பின்வரிசையிலிருந்து பறந்து வந்த டஸ்டர் அவள் வாயில் பட்டு, முன்பல் ஒன்று பாதியாக உடைந்து மேசையில் விழுந்தது. பாடக்குறிப்பில் தொகுத்துக் கூறலும் மதிப்பிடலும் மீதி இருந்தன. அவள் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு இரண்டையும் முடித்தாள். இமை கொட்டவில்லை. பேராசிரியர் எழுந்து நின்று பாராட்டினார். உடைந்த பல்லைக் காகிதத்தில் மடித்து, சாதனைச் சான்றுகள் வைக்கும் கோப்பில் சேர்த்தார்.

எல்லாரும் தேறிவந்தார்கள். அக்கா மட்டும் தேறவில்லை. எவ்வளவு அடித்தாலும் கை உயரும்போதே அவள் கண் மூடிக்கொண்டது. பேராசிரியருக்கு இது விளங்கவில்லை. "உனக்கு ஏற்கனவே யாரோ தப்பான முறையில பயிற்சி குடுத்திருக்காங்கம்மா," என்று வருத்தப்பட்டார். "அடிப்படையே சரியில்ல."

கடைசி வாரத்தில் மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒருவரை ஒருவர் அறையச் சொன்னார்கள். அக்காவுக்கு ஜோடியாகப் பயில்வான் வந்தான். சந்தையில் மூட்டை தூக்கிப் படித்தவன். தோள் அகலத்துக்காக வந்த பட்டப்பெயர் அது. மற்றபடி ஓர் எறும்பைத் தாண்டிப் போவதற்கும் இடம் பார்ப்பவன்.

"அக்கா, என்னால முடியாது," என்றான் குனிந்து, மெதுவாக. "நீங்க கண்ணை மூடிக்கோங்க. நான் என் தொடையில அடிச்சுக்கறேன். சத்தம் ஒண்ணுதான்."

"மாட்டிக்கிட்டா உன்னைக் கொன்னுடுவாங்கடா."

"நான் வாங்கிக்கறேன். எனக்கு உடம்பு நெறைய இருக்கு."

அரை நாள் அப்படியே போயிற்று. பயில்வானின் தொடை கன்றிப்போனது. அக்காவின் கன்னம் மட்டும் சிவக்காமலே இருப்பதைப் பேராசிரியர் கவனித்துவிட்டார். அன்பு ஓர் ஆய்வுமுறைக் குறைபாடு என்று வகுப்புக்கு விளக்கினார். பயில்வானை முட்டி போட வைத்து, மரஸ்கேல் முறிகிறவரை முதுகில் அடித்தார். முறிந்தபின் டஸ்டரை எடுத்து அதன் மரப்பக்கத்தால் காதோடு சேர்த்து அடித்தார். பயில்வான் இமை கொட்டவே இல்லை. காதிலிருந்து ஒரு மெல்லிய ரத்தக்கோடு கழுத்துக்கு இறங்கியது. அந்தக் காது அன்றோடு வேலையை நிறுத்திக்கொண்டது.

அக்கா தன் முந்தானையை நனைத்து அவன் கழுத்தைத் துடைத்தாள். "ஏன்டா இப்படிப் பண்ணே?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கம் பேசுங்கக்கா," என்றான் அவன், மறு காதைக் காட்டி.

ஆய்வு நாள் வந்தது. விடியற்காலையிலேயே எல்லாருக்கும் முகப்பவுடர் வழங்கப்பட்டது. பவுடருக்கு அடங்காத வீக்கங்களுக்கு முதல்வரே உட்காரும் முறையை வகுத்தார். வலது கன்னம் வீங்கியவர்கள் வலப்பக்கச் சுவர் ஓரம், இடது கன்னம் வீங்கியவர்கள் இடப்பக்கம். இரண்டும் வீங்கியவர்களை நடுவில் போட்டு, நல்ல ஊட்டம் என்று சொல்வதாக ஏற்பாடு. அக்காவைக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள்.

கை ஓங்கும் நிபுணர் குழுத் தலைவரேதான், வயதானவர். நாடெங்கும் கல்லூரி கல்லூரியாகப் போய்க் கை ஓங்கி ஓங்கி அவருக்குத் தோள்மூட்டு தேய்ந்திருந்தது. கூடவே விதிகளை மனப்பாடம் செய்த செயலாளர் ஒருவர். அவரும் இளைஞர், விதிகளும் புதியவை. இரண்டிலும் இன்னும் மடிப்புக் கலையவில்லை.

"இங்க யாரையாவது அடிக்கறதுண்டா?" என்று தலைவர் கேட்டார்.

"ஐயோ, அடியா? அந்த வார்த்தையையே நாங்க தடை பண்ணிட்டோம் ஐயா," என்றார் முதல்வர். "போன வாரம்கூட அதைச் சொன்ன ஒருத்தனைப் பின்னி எடுத்தோம்."

செயலாளர் அதைச் சிறந்த நடைமுறைகளின் கீழ் எழுதிக்கொண்டார்.

தலைவர் வரிசை வரிசையாக வந்தார். கையை ஓங்கினார். ஒருவரும் இமை கொட்டவில்லை. கண்கள் கண்ணாடிக் குண்டுகளைப்போலத் திறந்தே இருந்தன. பல் உடைந்தவள் நேராகப் பார்த்தாள். பயில்வான் நேராகப் பார்த்தான். தூணைச் சுற்றிக்கொண்டு வந்த தலைவர் அக்காவின் முன்னால் கையை ஓங்கினார்.

அக்கா இமை கொட்டினாள்.

அக்கா மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். அச்சகத்து மாடியும் தாழ்ப்பாளும் கண்முன்னால் வந்து போயின. வாசலில் சிரித்துக்கொண்டு நின்றவனும் வந்தான். அவன் போகவில்லை.

முதல்வர் பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவள் முடியைப் பிடித்துத் தூக்கி, வாயோடு சேர்த்து அறைந்தார். மறுபடியும் அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் வழிந்தது. மூச்சு வாங்கியபடி தலைவர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா ஐயா? குறைன்னு தெரிஞ்ச நிமிஷமே நடவடிக்கை எடுக்கறோம். தள்ளிப்போடற பழக்கமே நம்மகிட்ட இல்ல."

"தொடர் மேம்பாடுன்னு தனியா மதிப்பெண் இருக்கு ஐயா," என்றார் செயலாளர். "குடுத்துடலாம். ஆனா இமை கொட்டினது கொட்டினதுதான். திருத்த நடவடிக்கைக்கு அப்பறம் ஒரு மறுபரிசோதனைக்கு விதியில இடம் இருக்கு. வகுப்பு மொத்தத்துக்கும் பண்ணணும். அதுலயும் கொட்டினா கல்லூரியை மூடவேண்டியதுதான்."

அக்கா மறுபடியும் இமை கொட்டுவாள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத்தான் முதலில் தெரியும். "என்னை வெளிய அனுப்பிடுங்க சார்," என்றாள் ரத்தத்தோடு. "நான் படிப்புலேருந்து பேரை எடுத்துக்கறேன். மத்த பிள்ளைங்களுக்காவது கிடைக்கட்டும்."

"ஆய்வுக்கு நடுவுல பேரை நீக்க விதியில்ல," என்றார் செயலாளர்.

அப்போது பயில்வான் தன் கண்களை மூடினான்.

அவன் எதுவும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. அக்காவைத் தனியாகக் கண்ணை மூடவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியிருக்கும். பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்துவிட்டு மூடினான். பல் உடைந்தவள் மூடினாள். பிறகு வரிசை வரிசையாக வகுப்பு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டது. கடைசியாக அக்காவும் மூடினாள்.

"கண்ணைத் திறங்கடா," என்றார் முதல்வர்.

யாரும் திறக்கவில்லை. அவரும் பேராசிரியரும் ஆளுக்கு ஒரு வரிசையாகப் பிரித்துக்கொண்டு அடித்தார்கள். பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. ஒருவன் நெற்றி மேசை விளிம்பில் மோதிப் பிளந்தது. இன்னொருத்தியின் விரல்கள் பேராசிரியரின் செருப்புக்கடியில் நொறுங்கின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர இமையைத் திறக்கவில்லை. முதல்வர் பயில்வானின் இமைகளைக் கட்டைவிரலால் பிதுக்கித் திறக்கப் பார்த்தார். கை வலித்து விட்டுவிட்டார்.

செயலாளர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முதன்முறையாக அவர் முகத்தில் கலக்கம் தெரிந்தது. "மூடியிருக்கற கண்ணு கொட்ட முடியாதே ஐயா. இதுக்கு விதியே இல்ல."

"அப்ப நான் பாத்துக்கறேன்," என்றார் தலைவர். "மறுபரிசோதனையைத் தலைவர் தனியா நடத்தலாம்னு விதி இருக்கில்ல?"

"இருக்கு ஐயா."

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."

அவர்கள் போனார்கள். அதன்பின் அந்த அறையில் நடந்ததைக் கடவுளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

தலைவர் அக்காவின் முன்னால் வந்து நின்று கையை ஓங்கினார். இத்தனை கல்லூரிகளிலும் அவர் ஓங்கிய கையை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் பார்த்தார், முதல்வர்கள் பார்த்தார்கள், மாணவர்கள் இமை கொட்டாமல் பார்த்தார்கள். இப்போது பார்க்க ஆளில்லை. ஓங்கிய கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தோள் வலித்தது. பிறகு கையை இறக்கி, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவள் உதட்டோரத்தில் மெல்ல ஒற்றினார்.

துணி பட்டதும் அக்காவின் உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. இமைகளுக்குள் கண் இறுகிச் சுருங்கியது.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் அவர். "துணிதான்."

அவள் நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு நெற்றி பிளந்தவனிடம் போய்க் காயத்தின்மேல் கைக்குட்டையை வைத்து, அவன் கையையே எடுத்து அதை அழுத்திப் பிடிக்கவைத்தார். விரல் நொறுங்கியவளின் பக்கத்தில் சற்று நேரம் சும்மா நின்றார். அவரிடம் வேறு துணி இல்லை.

கதவைத் திறந்து வெளியே இருந்தவர்களிடம் சொன்னார். "யாரும் இமை கொட்டல."

அது பொய் அல்ல. உண்மையும் அல்ல. செயலாளர் எழுதிக்கொண்டார். அங்கீகாரச் சான்றிலும், உதவித்தொகையை விடுவிக்கும் உத்தரவிலும் தலைவர் முதல்வரின் மேசையிலேயே கையெழுத்துப் போட்டார். கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது. கண் மூடி அமர்தல் என்பதைப் புதுமையான நடைமுறையாக மற்றக் கல்லூரிகளுக்குப் பரிந்துரைக்கலாம் என்றார் செயலாளர். அதற்கான பயிற்சி முறையை ஒரு வாரத்தில் எழுதித் தருவதாகப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார். அவர் புது மரஸ்கேல்களுக்கு அனுமதி கேட்டார். கிடைத்தது.

எல்லாரும் வகுப்புக்குத் திரும்பியதும் மாணவர்கள் கண்ணைத் திறக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. முதல்வர் மகிழ்ச்சியில் தழுதழுத்தார்.

"ஒரு அடி இல்லாம வளர்த்த பிள்ளைங்க ஐயா இவங்க. பெத்தவங்ககூட இவ்வளவு பாசமா வளர்த்திருக்க மாட்டாங்க." அருகில் நின்ற அக்காவைப் பார்த்தார். "இதோ, இந்தப் பொண்ணு. இவளாலதான் நமக்குப் பேரு."

ஆசீர்வதிப்பதற்காக அவள் தலையை நோக்கிக் கையை உயர்த்தினார்.

அக்கா இமை கொட்டினாள். அதோடு நிற்காமல் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு தூணோடு ஒடுங்கினாள். எல்லார் எதிரிலும், நல்ல வெளிச்சத்தில், ஐயத்துக்கு இடமில்லாமல் நடந்தது.

செயலாளரின் பேனா திறந்திருந்தது. "ஐயா, பதிவு பண்ணவா?"

தலைவர் தன் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"ஆய்வு முடிஞ்சுபோச்சுப்பா," என்றார். "இனிமே யாரு வேணும்னாலும் பயப்படலாம்."

அனுமதி வந்ததும் முதலில் அழத் தொடங்கியவன் பயில்வான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்தது. பிறகு பல் உடைந்தவள் அழுதாள். பிறகு வகுப்பு முழுவதும் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு, முகப்பவுடர் கரைந்து கோடு கோடாக ஓட, வாய்விட்டு அழுதது.

"என்ன இது?" என்றார் முதல்வர் திகைத்துப்போய். "தரம் கிடைச்சாச்சே. இப்ப எதுக்கு அழறாங்க?"

பேராசிரியர் சற்று யோசித்தார். "தாமதமான துலங்கல் ஐயா. கணக்குல வராது."

அக்கா அழவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். மகளுடைய பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகிவிட்டது.